மணல் குடியேறிய வீடுகள்

கோல்மன்ஸ்கோப் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதன் படத்தைப் பார்த்திருக்கக்கூடும். வெளிர்நீலச் சுவர் கொண்ட ஓர் அறை. கதவு பாதி திறந்திருக்கும். சன்னல் வழியே புகுந்த மணல் இடுப்பளவு குவிந்து கிடக்கும். 2024இல் வெளியான ‘ஃபால்அவுட்’ தொடரிலும் இந்த ஊரைக் காட்டினார்கள். கடந்த ஜூலை மாதம் இரண்டு நாள் அங்கே தங்கிப் படம் எடுக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது.

ஆப்பிரிக்காவின் தென்மேற்கில், நமீபியா நாட்டின் லூடரிட்ஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உள்ளே, நமிப் பாலைவனத்தில் இருக்கிறது இந்த ஊர். சாதாரண நுழைவுச் சீட்டை விடப் புகைப்படக்காரர்களுக்கான அனுமதிச் சீட்டுக்கு விலை அதிகம். கையைக் கடித்தாலும் அதையே வாங்குங்கள். விடியும்போதே உள்ளே போகலாம். இரவுக் காற்று மணலில் போட்ட வரிகள் அப்போது கலையாமல் இருக்கும். பத்துப் பேர் நடந்துவிட்டால் அந்த அறை வெறும் காலடித் தடம்தான்.

கிழக்குப் பார்த்த சன்னல்களில் வெயில் சாய்ந்து விழும் முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. அறைக்குள் இருட்டு, வெளியே கண் கூசும் பாலைவனம். இரண்டும் ஒரே படத்தில் சரியாக வராது. முக்காலியில் கேமராவைப் பொருத்தி, வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படம் எடுத்துப் பிறகு இணைத்தேன். பிற்பகலில் காற்று வேகமெடுக்கும். அந்த நேரத்தில் லென்ஸை மாற்றினால் கேமராவுக்குள் மணல் போய்விடும். மாடிப் பலகைகள் பல இடங்களில் இற்றுப்போயிருக்கின்றன. கால் வைக்குமுன் பார்க்க வேண்டும்.

இந்த ஊர் பிறந்த கதை 1908 ஏப்ரலில் தொடங்குகிறது. நமீபியா அப்போது ஜெர்மனியின் காலனி. ரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சகரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி, மின்னும் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவர். கல்லைத் தம் மேலதிகாரி ஆகஸ்ட் ஸ்டௌக்கிடம் கொடுத்தார். ஸ்டௌக் சுரங்க உரிமை பெற்றுப் பெரும் பணக்காரரானார். லெவாலாவுக்குப் பங்கு எதுவும் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானிய அரசு அந்தக் கடலோரப் பகுதி முழுவதையும் தடை செய்யப்பட்ட வட்டாரமாக அறிவித்தது. பாலைவனத்தின் நடுவே ஒரு ஜெர்மானியச் சிற்றூர் எழுந்தது. மருத்துவமனை, நடன மண்டபம், பந்து உருட்டி விளையாடும் கூடம், பள்ளிக்கூடம், ஐஸ் தொழிற்சாலை எல்லாம் வந்தன. குடிநீரைக் கேப் டவுனிலிருந்து கப்பலில் கொண்டு வந்தார்கள். மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவியும் இருந்தது. எலும்பு முறிவைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, தொழிலாளிகள் வைரத்தை விழுங்கியிருக்கிறார்களா என்று பார்க்கவும் அது பயன்பட்டதாக வழிகாட்டி சொன்னார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால், நல்ல நிலையில் இருந்த காலத்தில் இங்கே சுமார் 300 ஜெர்மானியர்கள் வாழ்ந்தார்கள். ஒப்பந்தத்தில் வந்த ஓவாம்போ தொழிலாளர்களோ சுமார் 800 பேர். அவர்கள் குடும்பத்தை வடக்கே விட்டுவிட்டு வந்து, தனிக் குடியிருப்பில் அடைபட்டுக் கிடந்தவர்கள். நாம் விரும்பிப் பகிரும் படங்களில் இருப்பவை மேலாளர், கணக்கர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோரின் வீடுகள். வண்ணச் சுவரும் வளைவுக் கதவும் அவர்களுக்குத்தான் இருந்தன. முதல் நாள் இரவு என் படங்களைப் புரட்டிப் பார்த்தேன். இருநூறுக்கும் மேற்பட்டவை. தொழிலாளர் இருந்ததற்கு அடையாளமாக அவற்றில் ஒன்றுகூட இல்லை. அழகைத் தேடிப் போகும் கேமரா வசதியானவர்களின் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறது.

முதல் உலகப் போருக்குப் பின் வைர விலை சரிந்தது. 1928இல் தெற்கே, ஆரஞ்சு ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இதைவிட வளமான வைரப் படுகைகள் கிடைத்தன. மக்கள் அங்கே நகர்ந்தார்கள். 1956இல் கடைசிக் குடும்பமும் வெளியேறியது. கூரையும் கதவும் கழற்றப்பட்ட வீடுகளுக்குள் மணல் வந்தது.

இரண்டாம் நாள் பிற்பகல், லெவாலா கல்லைக் கண்டெடுத்த கிராஸ்பிளாட்ஸ் பக்கம் போனேன். நெடுஞ்சாலையை ஒட்டியே ரயில் பாதை ஓடுகிறது. 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மானியப் படை கொன்று குவித்தது. அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மனி 2021இல் ஒப்புக்கொண்டது. லூடரிட்ஸின் ஷார்க் தீவு முகாமில் அடைக்கப்பட்ட கைதிகளைக் கொண்டுதான் இந்தப் பாதை வேலையையும் வாங்கினார்கள். அந்தத் தண்டவாளத்தில் விழுந்த மணலைத்தான் லெவாலா அள்ளினார்.

இன்றும் மணல் விழுந்துகொண்டேயிருக்கிறது. தரையோடு படுத்து, பாதி மூடிய தண்டவாளத்தைப் படம் எடுத்தேன். காற்று முகத்தில் அறைந்தது, வெளிச்சமும் சுமார்தான். கல்லூரிக் கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்தபோது, “இதில் என்ன இருக்கிறது?” என்று நண்பன் கேட்டான். நீல அறைப் படத்தை எடுத்துவிட்டு இதை வைத்தேன். கீழே லெவாலாவின் பெயரையும் 1908 என்ற ஆண்டையும் எழுதினேன்.