குணமாக்க இயலாதபோதும் துணைநிற்க இயலும்

“இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையா?” கடுமையான நரம்பியல் பாதிப்புடைய பச்சிளங்குழந்தையின் பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. செய்வதற்கு நிறைய உண்டு என்பதே எங்கள் மறுமொழி.

பிறக்கும்போது மூளைக்கு உயிர்வளி தடைப்பட்ட குழந்தைகள், மூளை முழுமையாக உருவாகாத குழந்தைகள், தசைநார்ச் சிதைவால் தளர்ந்த குழந்தைகள் ஆகியோருள் சிலரை முற்றிலும் குணமாக்க மருத்துவத்தால் இயலாமற் போகலாம். ஆயினும் வலியையும் வலிப்பையும் மூச்சுத்திணறலையும் தணிக்க இயலும். இதுவே ஆதரவுச் சிகிச்சை. பாலியேட்டிவ் கேர் என்பதும் இதனையே.

இது கடைசி நாள்களுக்கு மட்டும் உரியதன்று. நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. பயன் தரும் பிற சிகிச்சைகள் இதனுடன் தொடரலாம். ஆகவே, இதனை ஏற்பது குழந்தையைக் கைவிடுவதாகாது.

பேசவியலாத குழந்தையின் வலியை உடல் காட்டும். நெற்றி சுருங்குதல், கைகால் விறைத்தல், தேற்ற முடியாத அழுகை, உறக்கமின்மை ஆகியவற்றை நேரத்துடன் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய அக்குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும். கடும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருத்துவர் மார்ஃபின் பரிந்துரைத்தால் அஞ்ச வேண்டாம்; எடைக்கேற்ற அளவில், கண்காணிப்புடன் தரப்படும் அம்மருந்து துன்பத்தைத் தணிப்பதற்கே.

பாலூட்டும்போது தலையைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். இருமலோ புரையேறுதலோ தென்பட்டால் நிறுத்திவிட்டு எங்களிடம் தெரிவியுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காகச் சொந்த ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் பல. தாங்கிக்கொள்ளப் பாட்டியோ அத்தையோ அருகில் இல்லை. ஒரு நாள் விடுப்பு ஒரு நாள் கூலியை இழப்பதாகும். இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கும் ஓய்வு வேண்டும். 1982-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் குழந்தைகளுக்கான முதல் ஆதரவு இல்லம் பிறந்ததும், மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் பெற்றோருக்குச் சிறிது ஓய்வளிக்கும் எண்ணத்திலிருந்தே. தந்தையும் உறவினரும் பொறுப்பை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். மூத்த பிள்ளைகளுக்கும் உண்மையை எளிய சொற்களில் கூறுங்கள்.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் இல்லத்திலேயே வழங்கப்படுகின்றன. உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருப்பின் குழந்தையின் பெயர் அதில் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் சரிபாருங்கள்.

அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: குழந்தையை இப்போது மிகவும் வருத்துவது எது? இரவில் நிலைமை மோசமானால் யாரை அழைப்பது? செயற்கைச் சுவாசக் கருவி எங்கள் குழந்தைக்கு நன்மை தருமா, துன்பத்தை நீட்டுமா? மூன்றாவது கேள்விக்கு ஒரே நாளில் விடை காண வேண்டியதில்லை. எத்தனை முறை கேட்டாலும் உங்களுடன் அமர்ந்து பேசுவோம்.