பதில் சொல்கிறார் என்பதாலேயே சம்மதிக்கிறார் என்று ஆகுமா?

2004 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. 2017 ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை. பேரிடருக்குப் பின் இப்படிப்பட்ட ஊர்களுக்கு நிவாரணத்தோடு கேள்வித்தாளும் வரும். மன அதிர்ச்சியை அளப்பது அவசியம்தான். ஆனால் கேட்கப்படுகிறவர் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறார்?

தாங்க முடியாததைச் சந்தித்த சிலருக்கு, அது நினைவுக்கு வரும்போது மனம் விலகிக்கொள்கிறது. சத்தம் தூரத்தில் கேட்கும். தன் கையே வேறு யாருடையதோ போலிருக்கும். நடுவில் கொஞ்ச நேரம் காணாமல் போகும். மனநல மருத்துவம் இதை மனவிலகல் என்கிறது.

ஒரு அம்மாவிடம் எடுக்கும் பேட்டியை நினைத்துப் பாருங்கள். “உடலை அடையாளம் காட்டியது நீங்களா?” “ஆமா.” “அழுதீர்களா?” “இல்ல.” குரலில் நடுக்கமில்லை, கண் சுவரில் நிற்கிறது. ‘நல்ல ஒத்துழைப்பு’ என்று குறித்துக்கொண்டு ஆய்வாளர் கிளம்பிவிடுவார். ராத்திரி அத்தனையும் திரும்பி வரும்போது அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அதற்காகக் கேட்கவே கூடாது என்பதில்லை. அதிர்ச்சி ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் அனுபவங்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வு, பேசும்போது ஓரளவு சஞ்சலம் வந்தாலும், பொதுவாக அவர்கள் பங்கேற்றதற்காக வருந்தவில்லை என்றது. பழைய பாதிப்பு உள்ளவர்களுக்குச் சஞ்சலம் கூடுதல் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. தன் அனுபவத்தை ஒரு கேள்வியாகவே அச்சில் பார்ப்பது, ‘எனக்கு மட்டுமில்லை போல’ என்ற ஆறுதலையும் தரலாம்.

அளவுகோலிலும் கவனம் வேண்டும். உலகெங்கும் புழங்கும் மனவிலகல் கேள்வித்தாள் 1986இல் வெளியானது, 28 கேள்விகள். நாஞ்சில் நாட்டுக் கொடை விழாவில் சாமி வந்து ஆடுபவரை அதைக்கொண்டு நோயாளிக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. சமயமும் பண்பாடும் ஏற்றுக்கொண்ட ஆட்டம் நோயல்ல என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் நிலையும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் பேரிடர் கால ஆய்வுக்குத் தனிப் பகுதியே உண்டு. ஆனால் என் பார்வையில், மனவிலகல் உள்ளவரிடம் தொடக்கத்தில் வாங்கும் ஒரு கையெழுத்து போதாது. பதில் சுருங்கினால், பார்வை ஓரிடத்தில் நின்றால், பேட்டியை நிறுத்த வேண்டும். தண்ணீர் கொடுத்து, இன்று என்ன நாள், இருப்பது எந்த இடம் என்று பேசி அவரை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்த பிறகே, தொடரலாமா என்று மறுபடி கேட்க வேண்டும். மறுநாளும் விசாரிக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் ஆய்வாளரிடம் நீங்களும் கேட்கலாம்: இது யாருக்காக? என் பதிலை யார் பார்ப்பார்கள்? மறுத்தால் நிவாரணம் நிற்குமா? ராத்திரி மனசு கலங்கினால் யாரைக் கூப்பிடுவது? கடைசிக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லையென்றால் பேட்டி கொடுக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.