பட்டயத்திலிருந்து பட்டத்திற்கு

பத்தாம் வகுப்புத் தேறிய மாணவர் பொறியியற் பட்டம் பெற நம் நாட்டில் இரு பாதைகள் உள்ளன. மேல்நிலைக் கல்வி இரண்டாண்டு, கல்லூரி நான்காண்டு என்பது ஒன்று. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் பெற்று, கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரே சேர்ந்து மேலும் மூன்றாண்டு பயில்வது மற்றொன்று. இரண்டிற்கும் ஆறாண்டுகளே தேவை. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அவருக்கு ஓராண்டு மட்டுமே கூடுதலாகும். குடும்ப நிலை காரணமாக இடையில் நிற்க நேர்ந்தாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். ஆயினும் இதனைக் குறுக்குவழி என்று எண்ணுவோர் இன்றும் உளர்.

பட்டயம் பெற்றவர் மத்தியப் பொதுப்பணித் துறையில் இளநிலைப் பொறியாளராகலாம். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பொறியியற் பணித் தேர்வை எழுதவோ பட்டம் வேண்டும். இவ்வேறுபாடே பலரை மீண்டும் வகுப்பறைக்கு அழைத்து வருகிறது.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிப்படி, பட்டயத் தேர்வில் 45 விழுக்காடு (ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40) பெற்றோர் இச்சேர்க்கைக்குத் தகுதியுடையோர். இடம் பெறுவதைக் காட்டிலும் தொடர்ந்து படிப்பதே கடினம். முதலாண்டுப் பாடங்களை அவர்கள் ஏற்கெனவே பயின்றுவிட்டனர் என்பது சேர்க்கையின் அடிப்படை. பட்டறைப் பயிற்சியிலும் வரைபடத்திலும் இது மெய்யே. பிற மாணவரை விட அவர்கள் முன்னே நிற்பர். கணிதத்தில் அவ்வாறன்று. பட்டயக் கணிதம் தொழிலுக்கு வேண்டிய அளவில் அமைந்தது. மூன்றாம் பருவத்தில் ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் எதிர்ப்படும்போது, அவற்றிற்கு அடித்தளமான முதலாண்டு நுண்கணிதம் அவர்களிடம் முழுமையாக இராது. லேத் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மாணவர் கணிதத் தாளில் தவறுவது அறிவுக் குறைவாலன்று. ஒரு படி விடுபட்டமையால்தான். கணிதம், இயற்பியல் முதலியவற்றில் இணைப்புப் பாடங்கள் நடத்தலாம் எனக் குழுவின் கையேடே கூறுகிறது. அவை கால அட்டவணையில் இடம் பெறாது ஏட்டளவில் நின்றுவிடலாகாது. சேர்க்கை பருவம் தொடங்கிய பின்னும் நீளுமாயின், அவ்வகுப்பை எப்போது நடத்துவது என்பதையும் கல்வித் துறை அலுவலர்கள் முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும்.

பணியிலிருந்தவாறே பயில விரும்பியோருக்கு, 1920-இல் தொடங்கப்பெற்ற இந்தியப் பொறியாளர் கழகத்தின் ஏ.எம்.ஐ.இ. தேர்வு நெடுங்காலம் துணைநின்றது. இன்று அதனை நம்பிப் பதிவு செய்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: 2013 மே 31 வரை பதிவு செய்தோருக்கே மத்திய அரசு அதனைப் பட்டத்திற்குச் சமமாக ஏற்றுள்ளது. அதன் பின்னர், 2023-24ஆம் கல்வியாண்டு முதல், பணிபுரிவோருக்கெனத் தனி வகுப்புகள் நடத்தக் கல்லூரிகளுக்குக் குழு இசைவளித்துள்ளது. பணி நேரத்திற்கு ஏற்ப வகுப்பு நேரத்தை அமைத்துக்கொள்ள அவை இடமளிக்கின்றன.