மைக் இல்லாத மேடை: ஓபரா பாடும் மாலைநேரப் பாடகர்கள்

2007இல் 'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' தொலைக்காட்சிப் போட்டியில், பால் பாட்ஸ் என்ற செல்போன் விற்பனையாளர் ஓபரா பாடப்போவதாகச் சொன்னபோது நடுவர்களின் முகத்தில் ஆர்வமே இல்லை. புச்சினியின் 'டூரண்டாட்' ஓபராவில் வரும் 'நெஸ்ஸுன் டோர்மா'வை அவர் பாடி முடித்ததும் அரங்கம் எழுந்து நின்றது. அந்தப் போட்டியிலும் அவரே வென்றார். திடீர் அதிசயமாகப் பேசப்பட்ட இந்தக் கதையில் பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. அதற்கு முன்பே அவர் பாத் நகரத்தின் அமெச்சூர் ஓபரா குழுவில் பாடிப் பழகியவர்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட குழுக்கள் ஏராளம். பகலில் ஆசிரியர், நர்ஸ், கணக்கர். மாலையில் ஏதாவதொரு தேவாலயக் கூடத்தில் மடக்கு நாற்காலியும் பென்சிலால் கிறுக்கிய இசைப் பிரதியும். கிரஹாம் விக் 1987இல் தொடங்கிய பர்மிங்ஹாம் ஓபரா கம்பெனி, உள்ளூர்வாசிகளையே கோரஸாக மேடையேற்றிப் பெயர் பெற்றது. பணம் வராது, புகழும் பெரிதாக வராது. இருந்தும் வருகிறார்கள்.

தொண்டைக்குள் நடப்பது

குரல்நாண்கள் என்பவை குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு சின்னஞ்சிறு தசை மடிப்புகள். 'நெஸ்ஸுன் டோர்மா'வின் கடைசியில் வரும் அந்த உச்ச ஸ்வரத்தைப் பிடிக்கும்போது அவை நொடிக்குச் சுமார் 490 தடவை மோதி விலகுகின்றன. உச்சப் பெண்குரலான சோப்ரானோ பாடகியின் 'ஹை சி' ஸ்வரம் என்றால் ஆயிரத்தைத் தாண்டும்.

ஓபராவில் மைக் கிடையாது. அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். எப்படிச் சேருகிறது? ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி இதை அளந்து காட்டினார். ஆர்கெஸ்ட்ராவின் ஒலி வலு 500 ஹெர்ட்ஸை ஒட்டி அதிகம். அதற்கு மேலே போகப் போகக் குறைந்துவிடும். பயிற்சி பெற்ற ஆண் பாடகர்கள் தொண்டையின் உட்புற வடிவத்தை மாற்றி, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் தங்கள் குரலுக்கு வலுவேற்றுகிறார்கள். வாத்தியங்கள் ஓய்ந்திருக்கும் அந்த இடைவெளியில் குரல் நுழைந்துவிடுகிறது.

அமெச்சூர் பாடகர் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஓபரா பாடகர் பவரொட்டியின் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, அந்தக் கனம் கத்தினால் வரும் என்று நினைத்துக் கழுத்து நரம்பு புடைக்கத் தொண்டையை நெருக்குகிறார். சத்தம் வருகிறது, மறுநாள் காலையில் குரல் வருவதில்லை.

மூச்சு தரும் லாபம்

கழுத்தைத் தளர்த்திவிட்டு, விலா எலும்புகளை விரித்த நிலையிலேயே வைத்து, வயிற்றுத் தசைகளால் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதுதான் ஓபரா பயிற்சியின் அடிப்படை. மேடைக்கு வெளியிலும் இதற்குப் பயன் இருக்கிறது. 2020இல் இங்கிலீஷ் நேஷனல் ஓபராவும் லண்டனின் இம்பீரியல் காலேஜ் மருத்துவமனைக் குழுமமும் சேர்ந்து, கொரோனாவுக்குப் பிறகும் மூச்சுத்திணறல் தீராதவர்களுக்காக 'ஈஎன்ஓ பிரீத்' என்ற திட்டத்தைத் தொடங்கின. பாடவே தெரியாதவர்களுக்கும் இணையம் வழியே தாலாட்டுப் பாட்டுகளைக் கொண்டு மூச்சுப் பயிற்சி தரப்பட்டது. 150 பேரிடம் நடத்திய ஆய்வு 2022இல் 'லான்செட்' குழும இதழில் வந்தது. ஆறு வாரங்களில் மனநலம் சார்ந்த அளவீடுகள் மேம்பட்டன, மூச்சுத்திணறலிலும் ஓரளவு குறைவு தெரிந்தது. உடல்நலம் சார்ந்த அளவீட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. பாட்டு எல்லா நோயையும் தீர்க்கும் என்று கிளம்புகிறவர்கள் அந்தக் கடைசி முடிவையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

வேலை முடிந்து ஒத்திகைக்கு

தொழில்முறைப் பாடகர் நிகழ்ச்சி நாளில் பேச்சைக் குறைத்துக்கொள்வார். அமெச்சூருக்கு அந்த வசதி இல்லை. ஆறு பீரியட் பாடம் நடத்திய ஆசிரியை, களைத்த குரலோடுதான் ஒத்திகைக்கு வந்து நிற்கிறார். பசிக்கு வழியில் எதையாவது சாப்பிட்டு, ஒத்திகை முடிந்து இரவு பத்து மணிக்கு மீதியைச் சாப்பிட்டுப் படுத்தால், இரைப்பை அமிலம் தொண்டை வரை ஏறிக் குரல்நாண்களை வீங்க வைக்கும். நெஞ்செரிச்சலே தெரியாமல்கூட இது நடக்கும். காலையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருப்பதும் வாய்க் கசப்பும் அதன் அடையாளங்களாக இருக்கலாம்.

வார்ம்-அப் செய்யாமல் நேராக உச்ச ஸ்வரத்துக்குப் போகக் கூடாது. குரல் சிகிச்சையாளர்கள் சொல்லித்தரும் எளிய வழி ஒன்று: கால் டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனி மட்டும் மூழ்கும்படி பிடித்து, 'ஊ' என்று இழுத்தபடி ஊத வேண்டும். குமிழிகள் ஒரே சீராக எழுந்தால் மூச்சும் சீராக வருகிறது என்று பொருள். திக்கித் திக்கி வெடித்தால் எங்கோ இறுக்கம் இருக்கிறது. வாயில் எதிர் அழுத்தம் உண்டாவதால் குரல்நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாமல் இதமாக அதிரும். ஐந்து நிமிடம் போதும்.

எப்போது டாக்டர்?

சளி, இருமல் இருக்கும்போது பாடாமலிருப்பதே சரி. குரல் போனால் கிசுகிசுத்துப் பேசுவதும் சுமைதான், பேசாமலிருப்பது மேல். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவை ரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டுவதால், வலியை அமுக்கிவிட்டு மேடையேறுவது ஆபத்து. டாக்டர் எழுதித் தந்த ஆஸ்பிரினை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பாடும்போது திடீரென்று குரல் அறுந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும், புகைப்பவர்கள் இதில் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

குரல்நாணில் முடிச்சு விழுந்தால் பாட்டு முடிந்தது என்ற பயம் தேவையில்லை. ஓய்விலும் குரல் சிகிச்சையிலும் பல முடிச்சுகள் கரைந்துவிடுகின்றன. நீர்க்கட்டி என்றால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். 2009இல் அதைச் செய்துகொண்ட டெனர் (உச்ச ஆண்குரல்) பாடகர் ரோலாண்டோ வில்லாசோன் மறுபடி மேடையேறினார்.

குரல்நாண்களைக் கண்ணால் பார்க்கும் வழியை மருத்துவத்துக்குக் காட்டியவரும் ஒரு பாட்டு வாத்தியார்தான். 1854இல் மானுவேல் கார்சியா, பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்துத் தன் தொண்டைக்குள் தானே பார்த்தார். இன்று மூக்கு வழியாக மெல்லிய கேமரா போகிறது. பரிசோதனைக்குப் போகிறவர் தான் ஓபரா பாடுவதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாதாரணப் பேச்சில் குரல் தெளிவாக இருந்து, உச்ச ஸ்வரத்தில் மட்டும் காற்று ஒழுகுகிற கேஸ்கள் உண்டு. டாக்டர் எதிரில் அந்த ஸ்வரத்தைப் பாடிக் காட்டினால்தான் அது பிடிபடும்.