பூஜ்யத்துக்கு இடப்பக்கம் ஒரு திரை இருக்கிறது, தெரியுமா?

லேப்டாப்பில் மானிட்டர் கேபிளைச் செருகியதும் திரை ஒரு கணம் கறுத்துப்போய், திரும்ப வெளிச்சம் வருகிறதே, அந்த ஒரு கணத்துக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? லேப்டாப் அந்த மானிட்டரிடம் உன்னைச் செய்த கம்பெனி எது என்று கேட்கிறது. எந்த வருஷம் செய்யப்பட்டாய், நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எத்தனை புள்ளிகளைக் காட்டுவாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. மானிட்டர் அத்தனைக்கும் பதில் சொல்கிறது! அதன் பிறகுதான் முதல் புள்ளி ஒளிர்கிறது.

இவ்வளவும் நமக்காக நடந்து முடிந்தபின் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? லேப்டாப்பில் தெரிவதையே பெரிய திரையிலும் தெரியவைத்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரே படம், இரண்டு இடத்தில். பார்க்கவே மனசு கேட்கவில்லை. விண்டோஸ் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'பி'யைத் தட்டுங்கள். நான்கு தேர்வுகள் வரும். மூன்றாவதாக இருப்பது 'எக்ஸ்டெண்ட்'. அதைத் தொட்ட அடுத்த நொடியே மவுஸ் அம்பு லேப்டாப் திரையின் விளிம்பைத் தாண்டி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தையும் காற்றையும் கடந்து, அடுத்த திரையில் போய் நடக்கும். 2009-ல் விண்டோஸ் 7 வந்ததிலிருந்து இந்த இரண்டு விசைகளும் இதே வேலையைச் செய்து வருகின்றன. மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளேஸ்' பக்கத்துக்குப் போனால் போதும்.

சரி, அந்தக் கேள்வி பதிலுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த பகுதி அதுதான்.

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு குட்டி நினைவகச் சில்லு உட்கார்ந்திருக்கிறது. அதில் இருக்கும் தகவலுக்கு ஈ.டி.ஐ.டி. என்று பெயர். 1994-ல் வெசா அமைப்பு வகுத்துக் கொடுத்த முறை இது. அடிப்படைத் தகவல் மொத்தமும் எவ்வளவு இடம் தெரியுமா? 128 பைட்! யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகிறது. ஆக 128 பைட்டில் தமிழில் 42 குறிகள்தான் எழுத முடியும், நீங்கள் இப்போது படிக்கும் இந்த வாக்கியம்கூட அதற்குள் அடங்காது. அவ்வளவு சின்ன இடத்தில் மானிட்டரின் முழு ஜாதகமே எழுதியிருக்கிறது! ஆமாம், பிறந்த வருஷமும் வாரமும்கூட உண்டு. வருஷத்தை நான்கு இலக்கமாக எழுதி இடத்தை வீணாக்கவில்லை. 1990-ஐக் கழித்துவிட்டு மீதியை மட்டும் ஒரே ஒரு பைட்டில் வைத்திருக்கிறார்கள். 2024-ல் செய்த மானிட்டருக்குள் 34 என்று இருக்கும். ஒரு பைட்டில் 255 வரை எழுதலாம் என்பதால், இந்தக் கணக்கு 2245-ஆம் வருஷம் வரை தாங்கும்.

கம்பெனியின் பெயருக்கு மூன்று ஆங்கில எழுத்துகள். எழுத்துக்கு 5 பிட் வீதம் சுருக்கி இரண்டே பைட்டில் அடைத்திருக்கிறார்கள். டெல் மானிட்டர் என்றால் 'டி-ஈ-எல்', சாம்சங் என்றால் 'எஸ்-ஏ-எம்'. எல்ஜி மானிட்டரைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும் சொல்லுங்கள்? 'ஜி-எஸ்-எம்'! கோல்ட்ஸ்டார். 1995-ல் அந்தக் குழுமம் எல்ஜி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனால் மானிட்டருக்குள் இருக்கும் அந்த இரண்டு பைட் மட்டும் இன்னமும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

கடைசி பைட் இன்னும் அருமை. அது ஒரு சரிபார்ப்பு எண். 128 பைட்டையும் கூட்டினால் வரும் தொகை 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அப்படி வகுபடும்படி கடைசி பைட்டை அமைத்திருப்பார்கள். கேபிள் தளர்ந்து வழியில் ஒரு பிட் புரண்டாலும் கணக்கு உதைக்கும். மானிட்டர் சொன்னதை நம்ப முடியாமல் லேப்டாப் பழையகாலக் குறைந்த அளவில் படத்தை அனுப்பத் தொடங்கிவிடும். புத்தம்புது மானிட்டரில் எழுத்தெல்லாம் பெருத்து, மங்கித் தெரிந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் கேபிளை ஒருமுறை கழற்றி அழுத்திச் செருகிப் பாருங்கள்.

இன்னொரு ஆச்சரியம். மானிட்டர் அணைந்திருந்தாலும் இந்தச் சில்லைப் படிக்க முடியும், தெரியுமா? எச்.டி.எம்.ஐ. முனையில் 19 ஊசிகள். 18-ஆவது ஊசி வழியாக லேப்டாப்பே 5 வோல்ட் அனுப்பி அந்தச் சில்லை எழுப்புகிறது. 19-ஆவது ஊசிதான் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மானிட்டர் தெரிவிக்கும் வழி. அதனால்தான் பல மானிட்டர்களைப் பொத்தானை அழுத்தி அணைத்த பிறகும், அவை இருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் திறந்த ஃபைல் ஒன்று அந்த இருண்ட திரைக்குள் போய்த் திறந்து கிடக்கும்! பதற வேண்டாம். ஆல்ட்-டேப் அழுத்தி அந்த விண்டோவைத் தேர்ந்துகொண்டு, விண்டோஸ் விசை, ஷிஃப்ட், இடது அல்லது வலது அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரே தாவலில் இந்தப் பக்கம் வந்துவிடும்.

இந்த ஜாதகம் இருப்பதால்தான் வீட்டு மானிட்டரில் ஒரு அடுக்கும் ஆபீஸ் மானிட்டரில் வேறொரு அடுக்கும் வைத்திருந்தாலும் லேப்டாப் குழம்புவதில்லை. எதில் செருகினோம் என்று பார்த்து, அங்கே கடைசியாக வைத்த அமைப்பை அதுவே எடுத்துப் போட்டுவிடுகிறது.

தலைப்பில் சொன்ன பூஜ்யத்துக்கு வருகிறேன். டெஸ்க்டாப்பில் வலது க்ளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போங்கள். 1, 2 என்று எண்ணிட்ட இரண்டு பெட்டிகள் தெரியும். 'ஐடென்டிஃபை' பொத்தானை அழுத்தினால் அந்தந்தத் திரையில் அதனதன் எண் பெரிதாக வரும். மேசையில் மானிட்டர் இடப்பக்கம் இருக்கிறதா? 2-ஆம் பெட்டியை மவுஸால் பிடித்து 1-க்கு இடப்பக்கம் இழுத்து விட்டு, 'அப்ளை' கொடுங்கள். சாதாரண வேலையாகத் தெரிகிறது அல்லவா? உள்ளே நடப்பதைக் கேளுங்கள்! பிரதான திரையின் இடது மேல் மூலைதான் விண்டோஸுக்கு (0, 0). அங்கிருந்து வலப்பக்கம் போகப் போக எண் கூடும். 1920 புள்ளி அகலமுள்ள மானிட்டரை இடப்பக்கம் வைத்தால் அதன் தொடக்கம் எது? மைனஸ் 1920! அந்தத் திரை முழுக்கக் கழித்தல் எண்களில்தான் இருக்கிறது. தலைக்கு மேலே மாட்டினாலும் அப்படித்தான்; எண்கள் கீழே போகப் போகக் கூடுவதால், மேலே இருப்பதெல்லாம் மைனஸ்.

இந்த மைனஸை எதிர்பார்க்காத புரோகிராமர்கள் எத்தனை பேர் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்! மவுஸ் நிற்கும் இடத்தை விண்டோஸ் 16 பிட் எண்ணாகத் தருகிறது. அதைக் குறியில்லாத எண்ணாகப் படித்தால் மைனஸ் 1920 என்பது 63,616 ஆகிவிடும். வலது க்ளிக் செய்தால் மெனு இந்த மேசையிலேயே இல்லாத ஒரு புள்ளியில் போய்த் திறக்கப் பார்க்கும். பல திரைகள் உள்ள கணினிகளில் இது தவறான விடை தரும், இப்படிப் படிக்காதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட் தன் புரோகிராமர் வழிகாட்டியிலேயே எச்சரித்து வைத்திருக்கிறது. மானிட்டரை வலப்பக்கம் வைத்தால் ஒழுங்காக ஓடும் ஒரு பழைய மென்பொருள், இடப்பக்கம் வைத்தால் மட்டும் சண்டித்தனம் செய்தால் காரணம் இப்போது புரிகிறதா?

அந்தப் பெட்டிகளை இழுக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு பெட்டிகளின் உயரமும் சமமாக இல்லாவிட்டால், பல கணினிகளில் ஒட்டியிருக்கும் பகுதி வழியாகத்தான் மவுஸ் போகும். ஒட்டாத மூலையில் முட்டிக்கொண்டு நிற்கும். மவுஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து புது மவுஸ் வாங்கியவர்கள்கூட இருப்பார்கள். பெட்டியை மேலும் கீழும் நகர்த்தி, நிஜ மேசையில் திரைகள் எந்த உயரத்தில் நிற்கின்றனவோ அதே போலப் பொருத்திவிட்டால், கை தானாகப் போகும், கண் தேடாது. இரண்டே நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் வருஷக்கணக்கில் முட்டிக்கொண்டிருப்பது அநியாயம்.

இதெல்லாம் புதுசு என்று நினைத்தால் தவறு. 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பிசியிலேயே இரண்டு மானிட்டர்கள் வைக்க முடிந்தது, தெரியுமா? எழுத்துக்கு ஒரு அட்டை, வண்ணப் படத்துக்கு இன்னொரு அட்டை. இரண்டும் நினைவகத்தில் வெவ்வேறு முகவரிகளில் இருந்ததால் ஒரே பெட்டிக்குள் சண்டை போடாமல் குடியிருந்தன. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு வரிசைகள் ஒரு திரையில், அதே கணக்கின் வரைபடம் பக்கத்துத் திரையில்! 1987-ல் வந்த மேகின்டாஷ் டூ-வில் ஆறு அட்டைகளுக்கு இடம் இருந்தது. திரைகளை அடுத்தடுத்து வைத்து ஒரு விண்டோவை நடுவில் நிறுத்தினால், அதன் ஒரு பாதி வண்ணத்திலும் மறு பாதி கறுப்பு வெள்ளையிலும் தெரியும். ஒரே விண்டோ! விண்டோஸில் இந்த வசதி நேரடியாக வந்தது விண்டோஸ் 98-இல்தான். வந்தபோதே ஒன்பது மானிட்டர்கள் வரை. அப்போதெல்லாம் திரைக்கு ஒரு அட்டை தேவைப்பட்டது, லேப்டாப்பில் அதற்கு ஏது இடம்? 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி 'டூயல்வியூ' என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஒரே கிராஃபிக்ஸ் சில்லிலிருந்து இரண்டு வேறு வேறு படங்களை வெளியே விட்டது. லேப்டாப்காரர்களுக்கு அன்றுதான் விடிந்தது.

கேபிளுக்குள் ஓடும் வேகத்தைக் கேட்டால் மூச்சு முட்டும். ஒரு முழு எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்க வேண்டும். கணக்குப் போட்டால் நொடிக்கு 12,44,16,000 புள்ளிகள்! புள்ளிக்கு 24 பிட் வீதம், நொடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதும் இது ஓடிக்கொண்டேயிருக்கிறது. 4கே திரை என்றால் இதைப்போல் நான்கு மடங்கு. 2009-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 அதைச் சுமக்க முடியாமல் நொடிக்கு 30 முறையோடு நின்றுவிடும். 4கே மானிட்டரில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்வதுபோல் பட்டால், 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' பக்கத்தில் 30 என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் 2013-ல் வந்த 2.0 அளவைத் தாங்கும் போர்ட்டும் கேபிளும் வேண்டும்.

யு.எஸ்.பி.-சி முனை எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் அந்த ஓட்டை இருக்கும் எல்லா லேப்டாப்பிலும் படம் வெளியே வராது. ஓட்டைக்குப் பக்கத்தில் 'டி'யும் 'பி'யும் சேர்ந்த குறியோ அம்பு முனையுள்ள மின்னல் குறியோ இருக்கிறதா பார்த்துவிட்டு கேபிள் வாங்குங்கள். மாற்றுமுனைகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் முனை அந்தத் திசையில் மட்டும்தான் வேலை செய்யும். பழைய லேப்டாப்பின் வி.ஜி.ஏ.விலிருந்து புது மானிட்டரின் எச்.டி.எம்.ஐ.க்குப் போக அது உதவாது. அதற்கு வேறு முனை கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது மானிட்டரைச் செருகியும் படம் வரவில்லையா? கிராஃபிக்ஸ் சில்லுக்குள் ஒரே நேரத்தில் இத்தனை திரைகளுக்குத்தான் படம் தயாரிக்க முடியும் என்று ஒரு கணக்கு உண்டு. 2011-ல் வந்த இன்டெல் 'சாண்டி பிரிட்ஜ்' சில்லின் உள்கிராஃபிக்ஸால் இரண்டு, மறுவருஷம் வந்த 'ஐவி பிரிட்ஜ்' சில்லால் மூன்று. லேப்டாப்பின் சொந்தத் திரையும் இந்தக் கணக்கில் சேரும்! 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏர் வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் ஏற்றுக்கொள்ளும்.

பத்திரிகையில் புரூஃப் பார்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள், இந்த நீட்டித்த திரையின் அருமை தெரியும். இடப்பக்கம் எழுத்தாளர் கையால் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பிய பக்கம். வலப்பக்கம் அச்சுக்குப் போகும் பக்கம். ஒற்று விட்டுப்போன இடத்தில் கண் ஒருமுறை இடம் போய் வலம் வருகிறது, விரல் திருத்துகிறது. ஒரே திரையில் மாறி மாறித் திறந்து பார்க்கும்போது, எந்த வரியில் விட்டோம் என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும். வகுப்பில் புரொஜெக்டர் போடும் ஆசிரியர்களே, உங்களுக்கும் ஒன்று! 'எக்ஸ்டெண்ட்' கொடுத்தால் பவர்பாயின்ட் உங்கள் லேப்டாப்பில் மட்டும் குறிப்புகளையும் அடுத்த ஸ்லைடையும் காட்டும். பிள்ளைகள் பார்ப்பது நடப்பு ஸ்லைடை மட்டும். அடுத்த பக்கத்தில் விடை இருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மானிட்டர் வாங்கப் பணம் இல்லையா? இதைக் கேளுங்கள். ஆப்பிள் 2019-ல் 'சைட்கார்' கொண்டுவந்ததிலிருந்து ஐபேடே மேக்கின் இரண்டாவது திரை ஆகிவிடும். விண்டோஸ்காரர்களுக்கோ, வீட்டில் ஓரமாகக் கிடக்கும் பழைய விண்டோஸ் 10 லேப்டாப்பே போதும்! அதில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பட்டியலிலிருந்து 'வயர்லெஸ் டிஸ்ப்ளே'யைச் சேர்த்துவிட்டு, செட்டிங்ஸில் 'ப்ரொஜெக்டிங் டு திஸ் பிசி' பக்கத்தில் அனுமதி கொடுங்கள். வைஃபை சில்லு 'மிராகாஸ்ட்' என்ற கம்பியில்லாத் திரைப் பகிர்வு முறைக்கு ஒத்துவந்தால் போதும். பிறகு புது லேப்டாப்பில் விண்டோஸ் விசையோடு 'கே' அழுத்தினால் பட்டியலில் பழைய லேப்டாப்பின் பெயர் வரும். தொட்டு இணைத்துவிட்டு, விண்டோஸ் விசையோடு 'பி', மூன்றாவது தேர்வு. மறக்காமல் அதன் பெட்டியை, பழைய லேப்டாப்பை மேசையில் எந்தப் பக்கம் வைத்திருக்கிறீர்களோ அந்தப் பக்கம் இழுத்து விடுங்கள்.