ஒரு பாம்பா, இரண்டு பாம்புகளா?

அமெரிக்கத் தரைப்படையின் மருத்துவத் துறைக்கு இரண்டு அடையாளங்கள். இரண்டிலும் கோலும் பாம்பும் உண்டு. ஆனால் ஒரே கோல் அல்ல.

சட்டைக் காலரில் குத்தும் வில்லையில், சிறகு முளைத்த கோலை இரண்டு பாம்புகள் சுற்றியிருக்கின்றன. இது கிரேக்கத் தெய்வம் ஹெர்மீஸின் கெடூசியஸ். ஹெர்மீஸ் தேவர்களின் தூதன், வணிகர்களின் காவலன், வைத்தியன் அல்லன். 1851 முதல் படை மருத்துவமனை உதவியாளர்களின் சட்டைக் கையில் இருந்த இந்தக் கோலை, 1902இல் மருத்துவ அதிகாரிகளின் காலருக்கும் கொண்டுவந்தார்கள். தூதனைத் தாக்கக் கூடாது, போர்க்களத்து மருத்துவரும் அப்படியே என்று பின்னாளில் நியாயம் சொன்னவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனாலும் நோய் தீர்க்கும் கோல் இதுவன்று. அதிகாரிகளின் வில்லையை உற்றுப் பாருங்கள்: கோலின் மேல் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் செவிலியர், ‘டி’ என்றால் பல் மருத்துவர், ‘வி’ என்றால் கால்நடை மருத்துவர். எழுத்தே இல்லாவிட்டால் மருத்துவர்.

துறையின் கேடயச் சின்னத்தில்தான் மருத்துவத் தெய்வம் அஸ்கிளேபியஸின் கோல் இருக்கிறது. சிறகில்லை, பாம்பும் ஒன்றே. கோலின் பச்சை, 19ஆம் நூற்றாண்டில் படை மருத்துவர்களுக்கு உரிய நிறம். பக்கத்தில் 20 விண்மீன்களும் 13 பட்டைகளும்: துறை சீரமைக்கப்பட்ட 1818ஆம் ஆண்டின் தேசியக் கொடி அது. உச்சியில் ஒரு சேவல். நோய் தீர்ந்தவர்கள் அஸ்கிளேபியஸுக்குச் சேவல் காணிக்கை கொடுப்பது கிரேக்க வழக்கம். சாகும் தறுவாயில் சாக்ரடீஸ் தன் நண்பரிடம் நினைவூட்டியதும் அப்படியொரு சேவல் கடனைத்தான் என்று பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார்.