வயலுக்குப் போகும் காலுக்குப் பொருந்தும் பூட்ஸ்

இடம்பெயர்ந்து வேறு ஊரில் தங்கியிருந்து, தம் வயலுக்கு மூன்று நான்கு மைல் நடந்து போய்வருவோர் எம்மிடையே பலர். வயற்சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கக்கூடும். அதிலுள்ள கிருமி காலின் சிறு கீறல் வழியாகவும் உடலினுள் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் இக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. இதற்கு றப்பர் பூட்ஸ் நல்ல காப்பு. ஆனால் அளவு பொருந்தாத பூட்ஸ் குதிக்காலை உரசிக் கொப்புளமாக்கி, கிருமிக்குத் தானே வாசலைத் திறந்துவிடுகிறது.

ஆகவே பூட்ஸ் வாங்க மாலையில் போவோம். நடந்து களைத்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். வயலுக்குப் போடும் காலுறையையும் கொண்டுபோவோம். இரு கால்களில் பெரியதற்கே அளவு பார்க்க வேண்டும். விரல்கள் முன்னே முட்டும்வரை காலைத் தள்ளினால், குதிக்குப் பின்னே ஒரு விரல் நுழைய இடமிருக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நாலு தரம் நடந்து, குந்தி எழும்பிப் பார்ப்போம். நடக்கையில் குதி சற்று உயரலாம்; கழன்று அடிக்கக் கூடாது. மேல்விளிம்பு கெண்டைக்காலை வெட்டவும் கூடாது. நிவாரணப் பொதியில் ஆண்களின் அளவு வந்தால், பெண்கள் இரண்டு காலுறை போட்டுச் சமாளிக்க வேண்டாம். அளவைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீதி காய்ந்திருந்தால் செருப்போடு நடந்து, பூட்ஸைத் தோளில் கொண்டுபோய் வரம்பில் மாட்டுவதே நல்லதென்பது எமது எண்ணம். மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள், தேள் படுத்திருக்கும். நீரிழிவுள்ளவர்களுக்குக் கொப்புளம் நோகாமலே புண்ணாகலாம். அவர்களின் பாதத்தை வீட்டார் தினமும் பார்க்க வேண்டும். புண்ணோடு சேற்றில் இறங்க வேண்டியிருந்தால், முன்னதாகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.